விலக்கும் விலக்கிவைத்தலும்

பன்னிரண்டு வயதில் ஒரு ரமலான் பகலில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று சோறு தின்றேன். உம்மா முற்றத்தைப் பார்த்தபடி காவல் நின்றார். காக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினார். "நோன்பா?" என்று கேட்டான் காக்கா. "ஆமா" என்றேன். வாயில் பாதிச் சோறு இருந்தது.

அன்று நான் செய்ததில் எது தவறு என்று எனக்குப் பல வருடம் விளங்கவில்லை. மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது. பிடிக்கக்கூடாது என்பதுதான் மார்க்கச் சட்டம். ஆக, சாப்பிட்டது பாவமில்லை. பொய் சொன்னது பாவம். அந்தப் பொய்யைச் சொல்லக் கற்றுக்கொடுத்தது என்னை மிகவும் நேசித்த, ஐவேளைத் தொழுகையை ஒருநாளும் விடாத என் உம்மா. அவருக்கு அவருடைய உம்மா கற்றுக்கொடுத்திருப்பார். வருடத்துக்கு ஆறேழு நாள், வீட்டுக்கு வீடு, கதவுக்குப் பின்னால் நின்று விழுங்கிய சோற்றைப் பற்றி எங்கள் பெண்கள் பேசிக்கொண்டது உண்டு, சிரித்தபடி. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அல்லாஹ் ஒருத்திக்குக் கொடுத்த சலுகையை அவள் அவமானத்தைப்போல ஒளித்துத்தான் அனுபவிக்க வேண்டுமென்றால், அந்தச் சலுகை உண்மையில் யாருக்கு வசதியாக இருக்கிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் கடமை என்றால் என்ன என்று யோசிக்கத் தொடங்கினேன்.

தமிழில் 'விலக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வரிவிலக்கு என்றால் பாரத்திலிருந்து விடுதலை. வீட்டுக்கு விலக்கு என்றால் தள்ளி உட்கார வைப்பது. எங்கள் மார்க்கத்தில் பெண்ணுக்கு உள்ள விலக்குகள் முதல் பொருளில் தரப்பட்டவை என்றே நான் நம்புகிறேன். வாழ்ந்து பார்த்தது இரண்டாம் பொருளில்.

இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து: கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். மதரஸாவில் விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆணுக்கு ஐந்து, பெண்ணுக்கு மூன்று என்று எந்த ஹஜ்ரத்தும் சொல்லவில்லை. ஃபர்ளு இரண்டு வகை. ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களுக்கும் நீங்கிவிடுவது ஒன்று; ஜனாஸாத் தொழுகை அப்படி. ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது மற்றது. இந்த ஐந்தும் இரண்டாவது வகை. என் தொழுகையை என் கணவர் தொழ முடியாது. என் நோன்பை என் வாப்பா பிடிக்க முடியாது. மறுமையில் என்னிடம்தான் கணக்கு. குர்ஆனின் 33ஆம் அத்தியாயம், 35ஆம் வசனத்தில் தர்மம் செய்யும் ஆண்கள், பெண்கள், நோன்பிருக்கும் ஆண்கள், பெண்கள் என்று பத்து இணைகளாக இருபாலரும் தனித்தனியே குறிப்பிடப்படுகிறார்கள். நபியின் மனைவி உம்மு சலமா, ஏன் ஆண்களையே சொல்கிறது, எங்களைச் சொல்லவில்லை என்று கேட்டதையொட்டி இந்த வசனம் இறங்கியதாக மரபு. கேள்வி கேட்ட பெண்ணைக் கண்டித்து அனுப்பவில்லை, பதில் வந்தது.

ஒருவரைக் கடமைக்கு உரியவராகக் கருதுவது என்பது அவரை முழு மனிதராக மதிப்பது. குழந்தைக்கும் சித்தம் கலங்கியவருக்கும் கடமை இல்லை, ஏனென்றால் அவர்களிடம் கணக்குக் கேட்க முடியாது. என்னிடம் கணக்குக் கேட்கப்படும் என்றால், எனக்குப் புத்தி இருக்கிறது, விருப்பம் இருக்கிறது, நான் தேர்ந்தெடுக்கக் கூடியவள் என்று பொருள். கடமை எனக்குச் சுமையாக வருவதற்கு முன்னால் மரியாதையாக வருகிறது. அந்த மரியாதையை வீடும் ஊரும் என்ன செய்தன என்பதுதான் என் வழக்கு.

முதல் கடமை கலிமா. அதற்கு ஷஹாதா என்று பெயர். சாட்சியம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். கடன் பத்திரத்துக்கு ஓர் ஆணுக்குப் பதில் இரண்டு பெண்கள் சாட்சி என்பதை எங்கள் ஊரில் எல்லா ஆண்களுக்கும் தெரியும். ஆனால் மார்க்கத்துக்குள் நுழையும் வாசலாகிய அந்தப் பெரிய சாட்சியத்தை ஒரு பெண் ஒரே தடவை சொன்னால் போதும், இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ஆகப் பெரிய உண்மைக்கு அவள் முழு சாட்சி. இதை யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது தொழுகை. நான் பிறந்த தெருவில் பள்ளிவாசலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள். பாங்குச் சத்தத்தில் சுவர் அதிரும். அந்தப் பள்ளியின் உட்புறத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பெண்களுக்கு வீட்டில் தொழுவது சிறந்தது என்று ஹதீஸ் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. அதே நபி, இறைவனின் அடியாள்களைப் பள்ளிவாசல்களுக்குப் போகவிடாமல் தடுக்கக்கூடாது என்று சொன்ன ஹதீஸும் இருக்கிறது. இதை அறிவித்த இப்னு உமரிடம் அவருடைய மகனே, நாங்கள் தடுக்கத்தான் செய்வோம் என்று சொல்ல, மகனை அவர் கடுமையாக ஏசினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. கலீஃபா உமருக்குத் தம் மனைவி பள்ளிக்குப் போவது பிடிக்கவில்லை. அந்த அம்மையார் சுபுஹுக்கும் இஷாவுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார். ஏன் உமர் உங்களைத் தடுக்கவில்லை என்று கேட்டபோது, நபியின் அந்தச் சொல்லே அவரைத் தடுத்தது என்று தெரியவந்தது. பிடிக்கவில்லை என்பது வேறு, தடுக்க உரிமையில்லை என்பது வேறு. உமருக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் எங்கள் ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை.

ஜும்ஆ பெண்ணுக்குக் கடமையில்லை. ஆனால் அவள் போய்த் தொழுதால் அந்தத் தொழுகை செல்லும். அன்றைய லுஹரை அவள் தனியே தொழ வேண்டியதில்லை. இது எல்லா மத்ஹபுகளும் ஒப்புக்கொண்டது. அதாவது பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்திருக்கிறது சட்டம். 2020இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும், பெண்கள் பள்ளிவாசலுக்குள் சென்று தொழத் தடையில்லை, ஜமாஅத்தோடு தொழுவது அவர்களுக்குக் கட்டாயமும் இல்லை என்றுதான் சொன்னது. கட்டாயமில்லை என்ற இரண்டாம் பாதி எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தடையில்லை என்ற முதல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. காயல்பட்டினத்தில் பெண்கள் கூடுவதற்கென்றே தைக்காக்கள் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தையே தொடங்கினார். முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஒளுச் செய்ய ஒரு குழாயும் ஒரு தடுப்பும் போதும்.

நோன்புக்கு வருகிறேன். ரமலானில் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுவது ஆண்கள். அதற்கு அரசாங்கம் பச்சரிசி தருகிறது. அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், கஞ்சி காய்ச்சுபவரை ஊரே வாழ்த்தும். சஹருக்கு மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது பெண்கள். அதற்கு வாழ்த்தும் இல்லை, அரிசியும் இல்லை. நான் குறை சொல்வது சமைப்பதையல்ல. நோன்பாளிக்கு உணவளிப்பது பெரிய நன்மை என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நன்மையை இஷ்டப்பட்டுத்தான் செய்ய முடியும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாங்கு சொல்ல இரண்டு நிமிடம் இருக்கையில் நின்றபடியே தண்ணீர் குடித்து நிய்யத் வைக்கும் பெண்ணிடம், இதை நீ விரும்பித்தான் செய்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை. அவள் நோன்பு மற்றவர்களின் நோன்புக்குக் கூலியில்லா உதவியாகிவிடுகிறது.

பெண்ணுக்கு இன்னொரு நோன்பும் இருக்கிறது, கழா நோன்பு. மாதவிடாயில் விட்ட தொழுகைகளை மீட்டுத் தொழ வேண்டியதில்லை. விட்ட நோன்புகளை மீட்டுப் பிடிக்க வேண்டும். ஏன் இப்படி என்று ஒரு பெண் ஆயிஷாவிடம் கேட்டபோது, எங்களுக்கு அப்படித்தான் கட்டளையிடப்பட்டது என்றார். ஆயிஷாவே தம் கழா நோன்புகளை அடுத்த ஷஅபான் மாதத்தில்தான் பிடிக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். ரமலான் நோன்பில் ஊரே கூட இருக்கிறது. கழா நோன்பில் யாருமில்லை. கஞ்சி இல்லை, பாங்குக்குக் காத்திருக்கும் கூட்டமில்லை. வீட்டில் எல்லோரும் மதியம் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது, பரிமாறும் கைக்காரி மட்டும் நோன்பு. அதையும் வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் ரமலானில் எத்தனை நாள் விட்டாள் என்று கணக்குத் தெரிந்துவிடும். நோன்பில்லாத நாளில் நோன்பாளியாக நடித்தவள், நோன்புள்ள நாளில் நோன்பில்லாதவளாக நடிக்கிறாள்.

ஹஜ் பயணத்தில் ஸரிஃப் என்ற இடத்தில் ஆயிஷாவுக்கு மாதவிடாய் வந்தது. அவர் அழுதார். ஆதமின் பெண்மக்களுக்கு இறைவன் விதித்த ஒன்று இது, தவாஃப் தவிர மற்றவற்றையெல்லாம் செய் என்று நபி ஆறுதல் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அவருக்கு அது தெரிந்திருந்தது. மனைவி ஒளிக்கவில்லை, கணவர் முகம் சுளிக்கவில்லை. அந்த உரையாடல் ஆண்களின் வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்து நூலில் ஏறியது. பதினான்கு நூற்றாண்டு கழித்து எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் தட்டை ஒளிக்கிறோம்.

ஜகாத் வருடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு. சுமார் 85 கிராம் தங்கத்துக்கு மேல் ஒரு வருடம் கையில் இருந்தால் கடமையாகும்; ஏறக்குறைய பதினொரு பவுன். நான் பிறந்த வீடு ஹனஃபி, புகுந்த வீடு ஷாஃபி. பெண் போட்டுக்கொள்ளும் நகைக்கும் ஜகாத் உண்டு என்கிறது முதல் மத்ஹபு. இல்லை என்கிறது இரண்டாவது. எனக்குப் போட்ட நகை நாற்பது பவுன். உம்மா கணக்குப்படி வருடம் ஒரு பவுனின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் மாமியிடம் கேட்டேன். "போட்டுக்கிற நகைக்கு நம்ம வழியில ஜகாத் இல்லம்மா" என்றார். மூன்றாம் வருடம் அந்த நகை கடைக்கு முதலாக அடகுக்குப் போனது. கழுத்தில் கிடக்கவில்லை, ஆனாலும் பேச்சில் அது "போட்டுக்கிற நகை"யாகவே இருந்தது. எந்த மத்ஹபு சரி என்பது என் கேள்வியில்லை. இரண்டு பக்கமும் பெரிய அறிஞர்கள் இருக்கிறார்கள். நகை யாருடையது என்பதில் இரண்டு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடே இல்லை என்பதுதான் என் கவலை. அது என்னுடையது. கணக்கு என்னிடம். சாவி இன்னொருவரிடம்.

இப்னு மஸ்ஊதின் மனைவி ஸைனப் கைத்தொழில் செய்து சம்பாதித்தவர். கணவர் ஏழை. கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அனாதைகளுக்கும் தாம் கொடுப்பது தர்மமாகுமா என்று நபியிடம் கேட்டனுப்பினார். ஆகும், இரட்டைக் கூலி என்று பதில் வந்தது. கணவனுக்குக் கொடுப்பதும் தர்மம் என்றால், அந்தப் பணம் கணவனுடையது இல்லை என்றுதானே அர்த்தம்? தன்னுடையதை ஒருவருக்குத் தர்மமாகக் கொடுக்க முடியும். அவர் தானாக எடுத்துக்கொண்டதைத் தர்மம் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஹஜ். இதை எழுதத் தயங்கினேன்.

உம்மா இளம் வயதில் விதவையானவர். வாடகையிலும் தையலிலும் சேர்த்த பணம் ஒரு ஆள் ஹஜ்ஜுக்குப் போதுமாக இருந்தது. ஹனஃபி சட்டப்படி கணவனோ, திருமணம் செய்ய விலக்கப்பட்ட உறவில் உள்ள ஆணோ, அதாவது மஹ்ரம், கூட வர வேண்டும். அவருடைய செலவையும் பெண்ணே ஏற்க வேண்டி வரும். காக்கா வளைகுடாவில், விடுப்பு கிடைக்கவில்லை, பிறகு வேலையே போனது. உம்மா இன்னொரு ஆளுக்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்கினார். ஓர் ஆணுக்கு ஒரு பங்காக இருக்கும் கடமை அவருக்கு இரண்டு பங்கு விலையானது. 2014இல் காலமானார். அதே பணத்தில், ஏற்கெனவே ஹஜ் செய்திருந்த உறவினர் ஒருவரை உம்மாவுக்காக ஹஜ் பதல் செய்ய அனுப்பினோம். உயிரோடு இருந்தவரை ஆண் துணை இல்லாமல் அவர் போகக்கூடாதென்றிருந்த பயணத்தை, இறந்த பிறகு அவருக்காக ஓர் ஆண் தனியாகவே போய் முடித்து வந்தார். எல்லோரும் நிம்மதி என்றார்கள். நானும் சொன்னேன்.

கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்கள் குழுவோடு ஒரு பெண் போகலாம் என்பது ஷாஃபி மத்ஹபில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் கருத்து. புகுந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நகைக்கு ஜகாத் இல்லை என்ற ஷாஃபி கருத்து மட்டும் முதல் வருடமே சொல்லப்பட்டது. 2018 ஹஜ் முதல், மத்ஹபு அனுமதித்தால் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் நால்வராகச் சேர்ந்து மஹ்ரம் இன்றிப் போக இந்திய அரசு வழி செய்தது. 2021இல் சவூதி அரசும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மஹ்ரம் இன்றிப் பதிவு செய்யலாம் என்றது. உம்மாவுக்கு நான்கு வருடம் தாமதம்.

கணவரோடு உம்ராவுக்குப் போனபோது ஸஃபா மர்வாவுக்கு இடையே நடந்தேன். இந்த ஓட்டம் ஓர் அடிமைப் பெண்ணுடையது. பாலைவனத்தில் கைக்குழந்தையோடு விடப்பட்ட ஹாஜர், தண்ணீர் தேடி ஏழு முறை இந்தக் குன்றுகளுக்கு நடுவே ஓடினார். அவருக்கு மஹ்ரம் யார்? மடியில் இருந்த குழந்தைதான். ஸம்ஸம் அந்த ஓட்டத்தின் முடிவில் ஊறியது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவரும், அரசரும், ஆலிமும், அந்தப் பெண்ணின் காலடியைப் பின்பற்றாமல் ஹஜ்ஜை முடிக்க முடியாது. நடுவே பச்சை விளக்கு எரியும் ஓர் இடம் வரும். அங்கே ஆண்கள் ஓட்டமாக நடப்பார்கள். பெண்கள் சாதாரணமாக நடக்க வேண்டும் என்பது சட்டம். ஓடியவர் பெண், அந்த ஓட்டத்தின் நினைவு ஆண்களிடம். என்னைச் சுற்றிலும் ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் நடந்தேன், உம்மாவை நினைத்துக்கொண்டு.

என் தோழிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னைக் கேட்பார்கள். ஒருத்தி கேட்பாள்: "பாரத்தைக் குறைச்சது ரஹ்மத்து இல்லையா? ஏன் இழுத்துப் போட்டுக்கிறே?" ரஹ்மத்துதான். இரத்தப்போக்கும் பிரசவமும் பால் கொடுப்பதும் உள்ள உடம்பை அறிந்த ஒருவன் கொடுத்த ரஹ்மத்து. அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் ஓர் உரைகல் இருக்கிறது: உண்மையான விலக்கைத் தலைநிமிர்ந்து வெளியே சொல்லலாம், கட்டாயமில்லாததைச் செய்ய விரும்பினால் செய்யலாம். ஒளிக்கச் சொல்வதும், விரும்பினாலும் வழியில்லாமல் செய்வதும் விலக்கிவைத்தல். அது அல்லாஹ் சொன்னதில்லை.

இன்னொருத்தி கேட்பாள்: "இவ்வளவும் தெரிஞ்ச பிறகு இதை ஏன் விடாம பிடிச்சிக்கிட்டிருக்கே?" அவளுக்கு என்னிடம் வாதம் இல்லை, ஒரு காட்சி இருக்கிறது. பகல் முழுக்க எங்கள் வீட்டில் யாராவது உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். முசல்லாவை விரித்துத் தக்பீர் கட்டிவிட்டால் யாரும் கூப்பிட மாட்டோம். அழும் குழந்தையைக்கூட வாப்பா தூக்கிக்கொள்வார். நாளுக்கு ஐந்து முறை, பத்துப் பத்து நிமிடம், அவர் யாருக்கும் மனைவியோ தாயோ மருமகளோ இல்லை. நேராக ஒருவன் முன்னால் நின்றார். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்தது அந்தக் கடமைதான். அதை விட்டுவிட என்னால் முடியாது. வீட்டின் மிச்ச நேரமும் அந்தப் பத்து நிமிடத்தைப்போல ஆக வேண்டும் என்று கேட்கத்தான் முடியும்.

போன ரமலானில் என் மகளுக்கு முதல் தடவையாக நோன்பு விலகியது. நான் தட்டில் சோறு போட்டுக் கூடத்து மேசையில் வைத்தேன். கை நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவளுடைய அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். "நீ நோன்பு இல்லையா?"

"இல்ல. எனக்கு அல்லா லீவு விட்டிருக்கான்."

"எத்தனை நாள்?"

"ஆறு நாள். அப்புறம் தனியா பிடிச்சுக் கொடுக்கணும்."

அவன் தலையாட்டிவிட்டுப் பையைக் கழற்றப் போனான். அவ்வளவுதான். மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாத அந்த இரண்டு நாளும் சஹருக்குச் சோறு வைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

ஷவ்வால் மாதத்தில் அவளுடைய ஆறு, என்னுடைய ஐந்து. சேர்ந்தே பிடித்தோம். முதல் நாள் சஹருக்கு எழுந்து சமையலறை விளக்கைப் போட்டபோது, வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, முந்தின நாள் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். கதவு திறந்தே கிடந்தது.